வாய்ப்பூட்டும் சாவியும்

பம்பாயிலே ஓர் ஏடு. டில்லியிலே ஓர் ஏடு. பம்பாய் ஏடு செங்கொடியின் நிழலில் நின்று பேசுவது. டில்லி ஏடு காவிக்கொடியின் நிழலில் நின்று பேசுவது. ஒன்றின் பெயர் ‘கிராஸ் ரோட்ஸ்’. மற்றொன்றின் பெயர் ‘ஆர்கனைசர்’. முன்னது அமுதென்பதைப் பின்னது நஞ்சென்னும். பின்னது தேனென்பதை முன்னது தேளென்னும். இவ்விரண்டும் ஒரு பந்தியில் அமருமென்றோ, ஒரு படகில் ஏறுமென்றோ எவரும் எண்ணியிருக்க மாட்டார். ஆனால் 1950-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களின் முதலிரு நாட்களில், இரண்டும் ஒரே படகில் ஏற்றப்பட்டன. ஏற்றி வைத்தவர்கள் ஆளவந்தார்கள்!

மார்ச்சு முதல் நாள் சென்னை சர்க்கார் ஓர் ஆணை பிறப்பித்தது. 1949-ஆம் ஆண்டின் சென்னைப் பொது ஒழுங்குச் சட்டத்தைக் கையிலேந்தி, ‘கிராஸ் ரோட்ஸ்’ எமது எல்லைக்குள் நுழையலாகாது, விற்கப்படலாகாது, பரப்பப்படலாகாது என்று கூறியது. மறுநாள் டில்லியின் தலைமைக் கமிஷனர் மற்றோர் ஆணை பிறப்பித்தார். சர்க்கார் தரும் செய்தியும் செய்தி நிறுவனங்கள் தரும் செய்தியும் நீங்கலாக, வகுப்புப் பூசல் பற்றியோ பாகிஸ்தான் பற்றியோ ‘ஆர்கனைசர்’ எதை எழுதினாலும், படம் போட்டாலும், கேலிச் சித்திரம் தீட்டினாலும், அச்சேற்றுமுன் அதிகாரியிடம் காட்டியாக வேண்டும் என்றார்.

சென்னையிலே, அச்சான ஏட்டுக்கு எல்லையில் தடை. டில்லியிலே, அச்சாகாத எழுத்துக்கே தடை. ஒன்று, பிறந்த பிள்ளையை ஊருக்குள் விடாத கொடுமை. மற்றொன்று, கருவிலிருக்கும் பிள்ளையிடம் வாக்குமூலம் கேட்கும் கொடுமை.

அன்று இந்திய அரசியல் சட்டம் அரங்கேறி 34 நாட்களே ஆகியிருந்தன!

அந்த வழக்குகள் எங்கோ நடந்தவை, எவர்க்கோ நேர்ந்தவை என்று எண்ணி ஒதுக்கிவிட வேண்டாம், தோழர்களே. இன்று மேடையேறி நாம் பேசும் பேச்சும், ஏட்டிலே நாம் தீட்டும் எழுத்தும், எந்த எல்லைக்குள் நிற்கவேண்டும் என்பது அந்த இரண்டு ஏடுகளின் வழக்கிலிருந்து தொடங்கிய கதை. அந்தக் கதையிலே நம் இயக்கத்துக்கும் பங்குண்டு. பெருமைக்குரிய பங்கும் உண்டு. நின்று நினைத்துப் பார்க்கவேண்டிய பங்கும் உண்டு.

எழுதாமல் விட்ட சொல்

வெள்ளையர் ஆட்சியில் எழுத்தாளன் கழுத்தில் தொங்கிய கத்திக்கு 124-ஏ என்று பெயர். இராசத்துரோகம் என்பது அதன் பட்டம். 1870-இல் தண்டனைச் சட்டத்திலே செருகப்பட்ட அந்தப் பிரிவு, ஆட்சியின்மீது வெறுப்பையோ அவமதிப்பையோ மூட்டுகின்ற எழுத்தைக் குற்றமாக்கியது. திலகரை 1908-இல் மாண்டலே சிறைக்கு அனுப்பியது அது. காந்தியாரை 1922-இல் கூண்டிலேற்றியதும் அது. 1933-இல் ‘குடி அரசு’ தீட்டிய ஒரு தலையங்கத்துக்காகப் பெரியாரையும், ஏட்டின் வெளியீட்டாளராக இருந்த அவர் தங்கை கண்ணம்மையாரையும் சிறைக்கு அனுப்பியதும் அதுவே. தேசியம் பேசியவருக்கும் அதே கத்தி. தேசியத்தைத் தோலுரித்தவருக்கும் அதே கத்தி!

ஆகவே, அரசியல் நிர்ணய சபையிலே அடிப்படை உரிமைகளைத் தீட்டியபோது, பேச்சுரிமைக்கு விதிவிலக்காக வரைவிலே நின்ற ‘இராசத்துரோகம்’ என்ற சொல்லைக் கண்டு உறுப்பினர் பலர் முகம் சுளித்தனர். 1948 டிசம்பரில், கே. எம். முன்ஷியின் முயற்சியால் அந்தச் சொல் நீக்கப்பட்டது. எந்தச் சொல்லால் தாங்கள் சிறை புகுந்தனரோ, அந்தச் சொல்லைத் தங்கள் சட்டத்தில் எழுதக் கூசினர். கூசியது நன்று!

ஆனால், வரைவைப் படித்து எச்சரித்தவரும் அங்கே இருந்தனர். வங்காளத்துக் கம்யூனிஸ்டு உறுப்பினர் சோமநாத் லாகிரி, 1947-லேயே, இந்த உரிமைகளிற் பல ஒரு போலீஸ் சேவகரின் பார்வையிலிருந்து எழுதப்பட்டவை என்று இடித்துரைத்தார். உரிமையை ஒரு வரியில் கொடுத்து, அடுத்த வரியில் ‘ஆனால்’ என்று தொடங்கினால், கொடுத்தது எவ்வளவு, பிடித்தது எவ்வளவு என்பதே அவர் எழுப்பிய கேள்வி.

ஒருவாறாக 19-ஆம் விதி முடிவாயிற்று. முதற்பகுதி, குடிமக்கள் எல்லோருக்கும் பேச்சுரிமையும் கருத்துரைக்கும் உரிமையும் உண்டு என்றது. இரண்டாம் பகுதி, அவதூறு, நீதிமன்ற அவமதிப்பு, ஒழுக்கக்கேடு, நாட்டின் பாதுகாப்பைக் குலைப்பது அல்லது அரசையே கவிழ்க்க முனைவது ஆகியவற்றைத் தடுக்கும் சட்டங்கள் செல்லும் என்றது. விலக்குகள் அவ்வளவே. ‘பொது ஒழுங்கு’ என்ற சொல் அங்கே இல்லை. இந்த ‘இல்லை’ என்பதிலேதான் அந்த இரண்டு ஏடுகளும் உயிர் பிழைத்தன.

மே 26

ஆணை பிறந்த காலத்தையும் எண்ணிப் பார்க்கவேண்டும். கம்யூனிஸ்டுக் கட்சியைச் சென்னை சர்க்கார் சட்டவிரோதமாக்கியிருந்த காலம் அது. 1950 பிப்ரவரி 11-ஆம் நாள் சேலம் சிறையிலே துப்பாக்கி வெடித்தது. கம்யூனிஸ்டுக் கைதிகள் 22 பேர் மாண்டனர். சிறைக்குள்ளே குண்டு பாய்ந்து மூன்று வாரம் ஆகுமுன்பே, சென்னை எல்லையிலே ஓர் ஏட்டுக்குத் தடை விழுந்தது.

‘கிராஸ் ரோட்ஸ்’ ஆசிரியர் ரொமேஷ் தாப்பர் நேராக உச்சநீதிமன்றம் சென்றார். ‘ஆர்கனைசர்’ தரப்பாரும் சென்றனர். நீதிபதிகள் அறுவர் கேட்டனர். 1950 மே 26-ஆம் நாள், ஒரே நாளில், இரண்டு தீர்ப்புகளும் வந்தன. இரண்டையும் பெரும்பான்மையோருக்காக எழுதியவர் பதஞ்சலி சாஸ்திரி.

தீர்ப்பின் சாரம் எளிது. தெருவிலே நடக்கும் கைகலப்பும், அரசைக் கவிழ்க்கும் சதியும் ஒன்றல்ல. முன்னது பொது ஒழுங்கைச் சார்ந்தது. பின்னது நாட்டின் பாதுகாப்பைச் சார்ந்தது. அரசியல் சட்டம் பின்னதைத் தடுக்கவே பேச்சுரிமையில் கைவைக்க இடந்தந்தது. சென்னைச் சட்டமோ, பொது ஒழுங்கு என்ற பெயரால் எதை வேண்டுமானாலும் தடுக்கலாம் என்று வாயை அகலத் திறந்து வைத்திருக்கிறது. நல்லதற்கும் அல்லதற்கும் ஒருங்கே பயன்படக்கூடிய அந்தப் பிரிவு செல்லாது! சென்னையின் தடை வீழ்ந்தது. டில்லியின் முன்தணிக்கையும் வீழ்ந்தது.

நீதிபதி பசல் அலி மட்டும் மாறுபட்டார். பொது ஒழுங்கு பெரிதாகக் கெட்டால் நாட்டின் பாதுகாப்பும் உடன் கெடும் என்பது அவர் கருத்து. அதிலே பொருள் இல்லை என்று சொல்வதற்கில்லை. பிரிவினைக்காலக் குருதியின் ஈரம் உலராத நாட்டில் எழுந்த அச்சம் அது. ஆனால் அச்சத்தை அளவுகோலாகக் கொண்டால், அஞ்சுபவனின் கைக்கேற்ப முழம் நீளும்.

இங்கே ஒன்றை மனத்திலே பதியவைக்க வேண்டும். பொதுவுடைமை ஏட்டுக்குக் கிடைத்த உரிமை, இந்துத்துவ ஏட்டுக்கும் கிடைத்தது. இந்துத்துவ ஏட்டின் கழுத்தைப் பிடித்த கை அகற்றப்பட்டபோது, பொதுவுடைமை ஏடும் மூச்சு விட்டது. ஒன்றுக்கு மட்டும் நீதி தந்து மற்றொன்றைக் கைவிட வழியே இல்லை. ஏனென்றால், நீதிமன்றம் எடைபோட்டது ஏட்டின் கொள்கையை அன்று, சர்க்காரின் அதிகாரத்தை!

ஒரு கையில் கனி

தீர்ப்பு வந்தது, ஆளவந்தாருக்குத் தூக்கம் போயிற்று. அதே வழியிலே உயர்நீதிமன்றங்களும் நடக்கத் தலைப்பட்டன. பாட்னாவிலே, துண்டு வெளியீடு ஒன்றின்மீது சர்க்கார் எடுத்த நடவடிக்கை நிற்கவில்லை. பஞ்சாபிலே, 124-ஏ பிரிவே அரசியல் சட்டத்துக்கு ஒவ்வாதது என்று 1950 நவம்பரில் தீர்ப்பாயிற்று. நிலைமை இப்படியே போனால் என்னாவது என்று பிரதமர் நேருவின் அமைச்சரவை அரசியல் சட்டத்தையே திருத்தப் புறப்பட்டது.

அதே நேரத்தில் நம் தமிழகத்திலே வேறொரு புயல் வீசிக்கொண்டிருந்தது. முத்தையா முதலியார் காலத்தில் வேர்விட்டு, பார்ப்பனரல்லாதாருக்கும் ஒடுக்கப்பட்டோருக்கும் கல்லூரியின் கதவைத் திறந்துவைத்த வகுப்புவாரி உத்தரவு, 1950 சூலை 27-ஆம் நாள் சென்னை உயர்நீதிமன்றத்தில் வெட்டுண்டது. ஆகஸ்டு 14-ஆம் நாளை வகுப்புரிமை நாளாகக் கொண்டாடப் பெரியார் அழைத்தார். மாணவர் வெளியே வந்தனர், கடைவீதிகள் அடைபட்டன, ஊர்தோறும் கண்டன முழக்கம் எழுந்தது. 1951 ஏப்ரல் 9-ஆம் நாள் உச்சநீதிமன்றமும், செண்பகம் துரைராசன் வழக்கிலே, உத்தரவு செல்லாது என்றது. கொதிப்பு மேலும் வளர்ந்தது. அந்தக் கொதிப்பின் வெப்பம் டில்லியையும் சுட்டது.

மே மாதம் முதல் திருத்த மசோதா பாராளுமன்றத்துக்கு வந்தது. அதிலே 15-ஆம் விதிக்கு ஒரு புதிய உட்பிரிவு: சமுதாயத்திலும் கல்வியிலும் பின்தங்கிய வகுப்பினருக்கும், தாழ்த்தப்பட்டோர்க்கும், பழங்குடியினர்க்கும் தனி ஏற்பாடு செய்ய அரசுக்கு உரிமை உண்டு! தமிழகத்துத் தெருக்களிலே எழுந்த குரல் அரசியல் சட்டத்திலே எழுத்தாயிற்று. நம் இயக்கத்தின் தலைசிறந்த வெற்றிகளில் ஒன்று அது. இன்றும் எத்தனையோ ஏழை வீட்டுப் பிள்ளைகள் அந்த உட்பிரிவின் நிழலில்தான் மருத்துவராகிறார்கள், பொறியாளராகிறார்கள்.

ஆனால் அதே மசோதாவின் மறு கையிலே என்ன இருந்தது?

மறு கையில் விலங்கு

19-ஆம் விதியின் விலக்குப் பட்டியல் நீண்டது. ‘பொது ஒழுங்கு’ உள்ளே வந்தது. ‘அயல்நாடுகளுடன் நட்புறவு’ வந்தது. ‘குற்றம் புரியத் தூண்டுதல்’ வந்தது. அதுமட்டுமா? திருத்தம் தொடக்கத்திலிருந்தே அரசியல் சட்டத்தில் இருந்ததாகக் கொள்ளப்படும் என்றும் எழுதினர். நீதிமன்றம் கதவைத் திறந்தது. பாராளுமன்றமோ, கதவு என்றுமே மூடித்தான் இருந்தது என்று சுவரிலே எழுதி வைத்தது!

எந்தப் பாராளுமன்றம்? வயது வந்தோர் அனைவரும் வாக்களித்துத் தேர்ந்த மன்றமா? இல்லை. முதற் பொதுத்தேர்தல் அதுவரை நடக்கவேயில்லை. அரசியல் சட்டத்தை எழுதிய இடைக்கால மன்றமே, எழுதிய மை காயுமுன் அதனைத் திருத்தியது.

எதிர்த்து நின்றவர் யார் யார்? பட்டியலைப் பார்த்தால் வியப்பு வரும். காங்கிரசின் முன்னாள் தலைவர் கிருபளானி ஒருபுறம்; மிதவாதி குன்சுரு ஒருபுறம்; இவர்களுடன் முழங்கியவர் சியாமாபிரசாத் முகர்ஜி. சில திங்களில் சனசங்கத்தைத் தோற்றுவிக்கப் போகிறவர் அவர். பாகிஸ்தானைப் பற்றி அவர் பேசிவந்த பேச்சுக்கு ‘அயல்நாட்டு நட்பு’ என்ற புது விலக்கு விலங்காகும் என்பதை உணர்ந்து முழங்கினார். தன் கழுத்துக்குக் கயிறு வரும்போது, கயிறு தீது என்று எவரும் எளிதில் கண்டுகொள்கிறார். அவர் சொன்னதனாலேயே அது பொய்யாகிவிடாது.

எதிர்ப்பு வீணாகவில்லை. ஒரே ஒரு சொல்லை அது வென்றெடுத்தது. பேச்சுரிமையின்மீது சர்க்கார் விதிக்கும் கட்டுப்பாடு ‘நியாயமான’ கட்டுப்பாடாக இருக்கவேண்டும் என்ற சொல், தெரிவுக்குழுவின் வழியாக உள்ளே நுழைந்தது. முதலில் எழுதிய சட்டத்தின் அந்தப் பகுதியிலே இந்தச் சொல் இருந்ததில்லை. பூட்டைப் பெரிதாகச் செய்தவர்கள், அறியாமலோ அறிந்தோ, அதற்கு ஒரு சாவியையும் செய்து வைத்துவிட்டனர். எது நியாயம், எது அநியாயம் என்று அளந்து பார்க்கும் வேலை நீதிமன்றத்தின் கைக்கு வந்தது.

228 பேர் ஆதரிக்க, 20 பேர் எதிர்க்க, மசோதா நிறைவேறியது. 1951 சூன் 18-ஆம் நாள் சட்டமாயிற்று.

கனியைக் கண்டோம், கைதட்டினோம். தட்டியது தவறன்று. கனி நம் உழைப்பின் விளைவு. ஆயினும் மறு கையிலிருந்த விலங்கை எத்தனை பேர் உற்றுப் பார்த்தோம்? 15-ஆம் விதியைப் பற்றி மேடைதோறும் பேசிய நாம், அதே மசோதா 19-ஆம் விதியை என்ன செய்தது என்று இன்றேனும் இளைஞருக்குச் சொல்லித் தருகிறோமா?

விலங்கு யார் கையில் பூட்டப்பட்டது?

விலங்கு சும்மா கிடக்கவில்லை. அதே 1951-ஆம் ஆண்டிலே, உள்துறை அமைச்சராயிருந்த இராசகோபாலாச்சாரியார், ஆட்சேபகரமான எழுத்தைத் தடுக்கும் பத்திரிகைச் சட்டத்தைக் கொண்டுவந்தார். அச்சகத்திடமும் ஏட்டிடமும் ஈட்டுத்தொகை கேட்கும் வெள்ளையர் காலத்து முறைக்குப் புதுச்சட்டை தைத்த வேலை அது. 1957-இல் அந்தச் சட்டம் ஒழிக்கப்பட்டது.

1954-இல் சென்னையிலே நாடகக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. எதற்காக வந்தது என்று நாடு அறியும். இராமாயணத்தை மேடையிலே தோலுரித்துக் காட்டினார் எம். ஆர். இராதா. மறுப்பு நாடகம் போட முடியாதவர்கள் சட்டம் போட்டனர்! அந்தச் சட்டத்தின் கொடுமுனையான பிரிவுகள் அரசியல் சட்டத்துக்கு மாறானவை என்று சென்னை உயர்நீதிமன்றம் கூறியது 2013-ஆம் ஆண்டிலே. இடையிலே ஓடியவை 59 ஆண்டுகள்!

1962-இல், கேதார்நாத் சிங் வழக்கிலே, உச்சநீதிமன்றம் 124-ஏ பிரிவுக்கு மறுவாழ்வு தந்தது. வன்முறையைத் தூண்டினாலோ, பொது ஒழுங்கைக் குலைக்கும் நோக்கமிருந்தாலோ மட்டுமே அந்தப் பிரிவு பாயும் என்று வரம்பு கட்டியது உண்மை. ஆனால் எந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு அந்தப் பிரிவு கரையேறிற்று? 1951-இல் நுழைத்த ‘பொது ஒழுங்கு’ என்ற சொல்லை! நிர்ணய சபை வாசல் வழியே வெளியேற்றிய இராசத்துரோகம், திருத்தத்தின் சன்னல் வழியே உள்ளே வந்து அமர்ந்தது.

அடுத்த ஆண்டு விலங்கு நேராக நம்மிடமே வந்தது. 1962-இல் மாநிலங்கள் அவையிலே அண்ணா திராவிட நாட்டுக் குரலை எழுப்பினார். ஓர் எண்ணத்தை மன்றத்தில் எடுத்துரைத்தார். வாளெடுத்து அன்று, வாக்குக் கேட்டு. விளைவு? 1963-இல் 16-ஆம் திருத்தம்! ‘இந்தியாவின் இறையாண்மையும் ஒருமைப்பாடும்’ என்பது விலக்குப் பட்டியலில் ஏறியது. தேர்தலில் நிற்பவர் அதன்பேரில் உறுதிமொழி எடுக்கவும் விதி செய்யப்பட்டது. அண்ணா அதனை எதிர்த்து அவையிலே வாதாடினார். மக்களிடம் சென்று வாதிட்டு எங்களை வெல்லுங்கள் என்று கேட்டவருக்கு, வாதமே கூடாது என்று விடை வந்தது. கழகம் பிரிவினைக் கோரிக்கையைக் கைவிட்டது.

அந்தக் கோரிக்கை சரியா தவறா என்பது வேறு வழக்கு. ஒரு கோரிக்கை தவறென்றால் அதனை வாதத்தால் வீழ்த்த வேண்டுமா, வாய்ப்பூட்டால் வீழ்த்த வேண்டுமா என்பதே இங்கே வழக்கு. கம்யூனிஸ்டு ஏட்டுக்கு எல்லைச்சாவடியில் தொடங்கிய தடை, பதின்மூன்றே ஆண்டுகளில் நம் வாசலுக்கு வந்துவிட்டதைக் காண்கிறோம் அல்லவா?

சாவி திறந்த கதவுகள்

பூட்டைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தால் கதை பாதிதான். சாவியும் வேலை செய்தது.

சென்னையிலே மக்கள் கல்விச் சங்கம் என்றோர் அமைப்பை 1950 மார்ச்சிலே சர்க்கார் சட்டவிரோதமாக்கியது. அதன் செயலாளர் வி. ஜி. ராவ் வழக்காடினார். 1952-இல் உச்சநீதிமன்றம் அவர் பக்கம் நின்று, ‘நியாயமான கட்டுப்பாடு’ என்றால் என்ன என்பதற்கு அளவுகோல் ஒன்றைத் தந்தது. எந்த உரிமை தடுக்கப்படுகிறது, எந்தத் தீமைக்காகத் தடுக்கப்படுகிறது, தீமையின் அளவுக்குத் தடையின் அளவு மிஞ்சுகிறதா, காலச்சூழல் எது என்று பார்க்கச் சொன்னது. சங்கம் சேரும் உரிமைக்குச் சொன்ன அந்த இலக்கணம், பின்னாளில் பேச்சுரிமைக்கும் பயன்பட்டது.

பெரியாரின் இராமாயண ஆராய்ச்சி நூலை இந்தியில் ‘சச்சி ராமாயண்’ என்ற பெயரில் வெளியிட்டார் உத்தரப்பிரதேசத்துத் தோழர் லலாய் சிங் யாதவ். 1969-இல் அந்த மாநில சர்க்கார் அந்நூலையும் அதன் ஆங்கில நூலையும் பறிமுதல் செய்ய ஆணையிட்டது. மத உணர்ச்சி புண்பட்டதாம்! லலாய் சிங் அலகாபாத் உயர்நீதிமன்றம் சென்றார்; 1971-இல் வென்றார். சர்க்கார் உச்சநீதிமன்றத்துக்கு ஓடியது. 1976 செப்டம்பர் 16-ஆம் நாள் நீதிபதி கிருஷ்ண அய்யர் எழுதிய தீர்ப்பு, சர்க்காரின் முறையீட்டைத் தள்ளியது. புண்பட்டது என்று சொன்னால் போதாது. எந்த வரியால், எதனால் என்று காரணம் காட்டவேண்டும். காட்டாத ஆணை செல்லாது என்பதே அதன் அடிப்படை.

அந்த நாளை நினைத்துப் பாருங்கள்! நெருக்கடி நிலை நாட்டைக் கவ்வியிருந்த காலம். ஏடுகளுக்குத் தணிக்கை. தமிழகத்திலே கழக ஆட்சி கலைக்கப்பட்டு, தோழர்கள் சிறையிலே. பெரியார் மறைந்து மூன்றாண்டு ஆகப்போகிறது. அந்த இருட்டிலும் ஒரு நூல் விடுதலையாயிற்று. காரணம், அதிகாரி காரணம் காட்டவேண்டும் என்று சட்டத்திலே ஒரு வரி இருந்தது. அந்த வரியைப் பிடித்துக்கொண்டு ஏழாண்டு வழக்காட ஒரு லலாய் சிங் இருந்தார். உரிமை ஏட்டில் இருந்தால் போதாது. அதற்காக நீதிமன்றப் படியேறும் ஆளும் வேண்டும்!

நம் கையில் பூட்டு இருந்தபோது

இனிச் சொல்லப்போவது நமக்கு இனிப்பாய் இராது. எனினும் சொல்லவேண்டும். பகுத்தறிவு பிறரை மட்டும் ஆராய்வதற்குத் தந்த கருவி அன்று.

1980-களின் இறுதியில் ‘ஒரே ஒரு கிராமத்திலே’ என்ற படம் எடுக்கப்பட்டது. சாதி அடிப்படையிலான இடஒதுக்கீட்டைக் குறைகூறும் படம். நம் உயிர்க்கொள்கையைத் தாக்கிய படம். தணிக்கைக் குழு சான்றிதழ் தந்தது. எதிர்ப்பு எழுந்தது; வழக்காயிற்று; சென்னை உயர்நீதிமன்றம் சான்றிதழை நீக்கியது. படத்தை அனுமதித்தால் கலவரம் வரும் என்று தமிழ்நாட்டு அரசும் உச்சநீதிமன்றத்தில் வாதாடியது. 1989 மார்ச்சு 30-ஆம் நாள் வந்த தீர்ப்பு, சான்றிதழை மீட்டுத் தந்தது. கலவரம் செய்வேன் என்று மிரட்டுபவனை அடக்குவது அரசின் கடமை. மிரட்டலைக் காட்டிப் பேசுபவன் வாயை அடைப்பது, மிரட்டியவனிடம் சரணடைவதாகும் என்று இடித்துரைத்தது.

அந்தப் படம் சொன்னது தவறு. ஐயமில்லை. ஆயிரமாண்டுப் பள்ளத்தை மேடாக்கும் ஏற்பாட்டை அநீதி என்று சித்திரித்த படம் அது. ஆனால் அதனை மறுக்க நம்மிடம் என்ன இல்லை? எழுத்தில்லையா, பேச்சில்லையா, மேடையில்லையா, புள்ளி விவரமில்லையா? 1954-இல் இராதாவின் நாடகத்துக்கு எதிராக வைதிகர் சொன்ன அதே வாதத்தை, அமைதி கெடும், உணர்ச்சி புண்படும் என்ற அதே பல்லவியை, நம் தரப்பும் பாடியது என்பது நாம் மறக்கக்கூடாத பாடம்.

அதற்கு ஈராண்டு முன்னே, 1987-இல், சட்டமன்ற உறுப்பினரையும் அமைச்சரையும் கேலி செய்த ஓர் அட்டைப்பட நகைச்சுவைக்காக, ‘ஆனந்த விகடன்’ ஆசிரியருக்கு மூன்று மாதக் கடுங்காவல் விதித்தது தமிழ்நாட்டுச் சட்டமன்றம். குற்றம் சாட்டியதும் அதுவே, தீர்ப்பளித்ததும் அதுவே! கண்டனம் எழுந்து, சில நாளில் விடுதலை செய்தனர். ஆட்சிக்கு வந்தவர் எவராயினும், அண்ணாவின் பெயரைச் சொல்பவராயினும், பூட்டு கைக்குக் கிடைத்தால் பூட்டிப் பார்க்கும் ஆசை வருகிறது. ஆகவே ஆளைப் பார்த்து அமைதி கொள்ளாதீர், பூட்டைப் பாருங்கள்!

எல்லையே வேண்டாமா?

அப்படியானால் பேச்சுக்கு எல்லையே கூடாதா என்று கேட்கலாம். உண்டு. கொளுத்து, வெட்டு என்று கூட்டத்தை ஏவுபவன் பேச்சாளன் அல்லன், கொலையில் பங்காளி. சேரியிலிருந்து வந்த தோழனைப் பலர் காணச் சாதிப்பெயர் சொல்லி இழிவுபடுத்துபவனைத் தண்டிக்க 1989-ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது, இருக்கவும் வேண்டும். அங்கே காயம்படுவது ஒரு மனிதன், அவனது மானம், அவனது உயிர்.

ஆனால் கடவுட்கதைக்குக் காயம், புராணத்துக்குப் புண், அமைச்சரின் பெருமைக்குக் கீறல் என்பவை வேறு. 1927-இல் வெள்ளையர் ஆட்சி 295-ஏ என்ற பிரிவைக் கொண்டுவந்தபோதே, நேர்மையான மத ஆராய்ச்சியாளன் இதில் சிக்கக்கூடாது என்று மத்திய சட்டசபையில் ஜின்னா எச்சரித்தார். வேண்டுமென்றே, கெட்ட நோக்கத்துடன் என்ற சொற்கள் அந்தப் பிரிவிலே உண்டு. எனினும் சிக்கியவர் எத்தனை பேர்! 2024 சூலை முதல் நாள் பழைய தண்டனைச் சட்டம் போய்ப் புதியது வந்தது. 295-ஏ அங்கே 299 என்ற எண்ணோடு வாழ்கிறது. 2022 மே மாதம் உச்சநீதிமன்றம் நிறுத்திவைத்த 124-ஏ, இராசத்துரோகம் என்ற பெயரை விட்டுவிட்டது. ஆனால் நாட்டின் இறையாண்மைக்கும் ஒருமைப்பாட்டுக்கும் ஊறு என்று 152-ஆம் பிரிவு புதிதாய் நிற்கிறது. 1963-இல் நம்மீது எறிந்த அதே சொற்கள்!

ஆகவே, எந்த வாய்க்குப் பூட்டு வந்தாலும் மூன்று கேள்வி கேட்கப் பழகுங்கள். பூட்டுபவர் யார்—தன்னைப் பற்றிய பேச்சுக்குத் தானே நீதிபதியாகும் அதிகாரியா, இருதரப்பும் கேட்கும் மன்றமா? எப்போது பூட்டுகிறார்—பேசியதன்மேல் வழக்காடியா, பேசுமுன்னரேயா? எதைக் காட்டிப் பூட்டுகிறார்—கண்முன் நிற்கும் கேட்டையா, கலவரம் வரக்கூடும் என்ற கற்பனையையா?

இந்தக் கேள்விகளை நமக்கு வேண்டியவருக்காக மட்டும் கேட்டால் அவை கேள்விகளாகா, கட்சிக் கோஷமாகும். நமக்கு வேண்டாதவர் வாயில் பூட்டு விழும்போது கேட்கவேண்டும். வைதிக ஏட்டுக்காகவும் கேட்கவேண்டும். நம்மைப் பழிக்கும் படத்துக்காகவும் கேட்கவேண்டும். கேட்டுவிட்டு, அந்த ஏட்டையும் படத்தையும் வாதத்தால் நார்நாராய்க் கிழிக்க வேண்டும். அதற்கு நமக்கு வலிமையுண்டு. ஈரோட்டுப் பாசறையில் பயின்றவர்கள், எதிரியின் வாயைக் கட்டிவிட்டு வாதில் வென்றோம் என்று மார்தட்ட வேண்டிய நிலையில் என்றும் இருந்ததில்லை.

1950 மார்ச்சிலே சென்னை எல்லையில் தடுத்து நிறுத்தப்பட்டது ஓர் ஆங்கில ஏடு. அதைப் படித்திருக்கக்கூடிய தமிழர் சில ஆயிரவர் இருந்தால் அதிகம். அந்த ஏட்டை நம் தோழர்களில் பெரும்பாலோர் கண்ணால் கண்டதுமில்லை. ஆனால் அந்த ஏட்டுக்காக வென்றதைக்கொண்டு நாம் பேசினோம்; அந்த வெற்றியைப் பறித்தபோது நாமும் இழந்தோம். காணாத ஏட்டின் கழுத்திலும் நம் மூச்சு இருக்கிறது. அதை உணர்ந்தவனே பேச்சுரிமைக்குக் காவலன்!